வெறுமனே சுற்றினாலும் இறங்காத லோடு

பட்டறையில் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷினைச் சத்தத்தை வைத்தே ஓட்டிப் பழகியவர். அவரை நம்பித்தான் முதலாளி கம்ப்யூட்டரில் ஓடும் புது சிஎன்சி மெஷினை வாங்கினார்.

முதல் வாரமே, கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் லோடு திரையில் எகிறியது. அக்கா வெட்டும் ஆழத்தைக் குறைத்தார், புது கட்டர் மாட்டினார். லோடு இறங்கவில்லை. கடைசியில் கட்டரையே கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை வெறுமனே சுற்றவிட்டார். அப்போதும் பாதிக்கு மேல் காட்டியது. நிறுத்திவிட்டுத் தொட்டால் கை சுட்டது.

"வெட்ட ஒண்ணுமே இல்ல தம்பி, அதுக்கே இப்படி மூச்சு வாங்குது. உள்ள ஏதோ இறுக்குது."

"புது மெஷின்க்கா. ஓட ஓடச் சரியாயிடும்னு கம்பெனில சொல்றாங்க. ஓட்டுங்க," என்றார் முதலாளி.

திறந்து பார்க்கலாமென்றால், கம்பெனி வைத்த சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும். அக்கா ஓட்டினார். வீட்டில் தட்டின் முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் கணவர், "மெஷின் என்ன உன் தலைக்குள்ளயா ஓடுது?" என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மதியம் கிறீச்சென்ற சத்தத்தோடு ஸ்பிண்டில் இறுகி நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வந்து கழற்றினார். தண்டைத் தாங்கும் பேரிங் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"மொதல்லேர்ந்தே இறுக்கமா இருந்துச்சா, ஓட்டுனதுல கெட்டுச்சான்னு இனிமே சொல்ல முடியாதுங்க," என்றார் அவர்.

முதலாளி அக்காவைப் பார்த்தார். ஏன் நிறுத்தலைன்னு கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு. கம்பெனி ஆள் ஸ்பிண்டிலை வண்டியில் ஏற்றிப் போனதும், அது இருந்த ஓட்டையில் தூசி விழாமல் அக்கா துணி சுற்றிக் கட்டினார்.