மணலும் உடம்பும் ஒரே சூடு

அன்று நான் பேசாமல் இருந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரா?

மறதி நோய் உள்ள என் மாமனார், சித்திரை வெயிலில் ஒரு காலை யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவிடந்தை முழுவதும் தேடினேன். சவுக்குத் தோப்புப் பக்கம் அவர் போனதைப் பார்த்ததாக ஒரு பூக்காரம்மா சொன்னார். பக்கத்து விடுதியில், காட்டுப்பன்றி வருகிறதா என்று பார்க்க ஒரு வெப்பக் கேமரா வைத்திருந்தார்கள். அங்கிருந்த காவலாளியைக் கெஞ்சி, அந்தக் கேமராவோடு அழைத்து வந்தேன். உச்சிவெயிலில் தோப்பைச் சுற்றிக் கேமராவில் பார்த்துவிட்டு, "யாரும் தெரியல மா" என்றார்.

அதற்குள் மீனவர்கள் ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். "டப்பாவ நம்பிகினு இருந்தா ஆவுமா? நாங்க உள்ள பூந்து பாத்துடறோம்" என்றார் ஒருவர்.

"உடம்புச் சூடு இதுல தெரியும் அண்ணா. உள்ள யாரும் இல்ல. கரையில தேடுங்க" என்றேன்.

"படிச்ச பொண்ணு சொல்லுது, வாங்கடா" என்று போய்விட்டார்கள்.

மாலையில் மணல் ஆறியதும் காவலாளி மறுபடி பார்த்தார். அதே தோப்பில், ஒரு புதரடியில், கேமராத் திரையில் வெள்ளையாக ஓர் உருவம் சுருண்டு கிடந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாமாவின் மூச்சு நின்றுவிட்டது.

"மதியானம் மணலும் உடம்பும் ஒரே சூடு மா. அதான் பிரிச்சுக் காட்டல" என்றார் காவலாளி. இயற்பியல் படித்த எனக்கு அது ஏன் தோன்றவில்லை?

"கேமரா கொண்டாந்ததே இவதான்" என்று துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் கணவர் பெருமையாகச் சொல்கிறார். மீனவர்களை நான் திருப்பி அனுப்பியது அவருக்குத் தெரியாது. சொல்லிவிடட்டுமா? நீங்களாவது ஒரு வழி சொல்லுங்கள்.