ஹீட்டர் பக்கத்து நாற்காலி

என் மகளுக்கு இரண்டரை வயதானதும் ஊரில் உள்ள எல்லோருக்கும் அவள் டயப்பர் மேல் அக்கறை வந்துவிட்டது. அதுவரை அதுவும் அவளும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

சென்னையிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, இன்னுமா டயப்பரு? என் பையன் ஒரு வயசுலயே சொல்லிடுவானே!" என்றாள். இங்கே டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் கீழ்வீட்டுக்காரி, தன் பெண் எட்டு மாதத்திலேயே பழகிவிட்டதாகச் சொன்னாள். அலுவலகத் தோழி ஒருத்தி ஆறு மாதம் என்றாள். ஏலம் இப்படியே இறங்கினால், பிரசவ அறையிலேயே பிள்ளை தானாக எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டது என்று சொல்லவும் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன்.

இவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். ஆனால் என் சைல்டு கேர் லீவு முடியப்போகிறது. நான் வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் பிள்ளை பிளே ஸ்கூலில் சேர வேண்டும். நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரே பள்ளியோ, டயப்பர் கட்டிய பிள்ளைக்கு இடமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டது. மத்திய அரசு வேலைக்குக்கூட என்னிடம் இந்தத் தகுதியை யாரும் கேட்கவில்லை.

சரோஜினி நகர் மார்க்கெட்டிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தோம். நடுவில் ஓட்டை, அடியில் கிண்ணம். அதை பாத்ரூமில் போட்டோம். டெல்லியின் டிசம்பர் மாதம். தரையில் ஒரு கால் வைத்ததுமே பிள்ளை போட்ட அலறலில் மாடிக்காரர்கள் இறங்கி வந்து விசாரித்தார்கள். இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் என் கணவரின் மூளை வேலை செய்தது. அவர் திட்டப் பிரிவில் அதிகாரி. "பாத்ரூம் சில்லுன்னு இருந்தா என்ன, பாத்ரூம ஹாலுக்குக் கொண்டு வந்துருவோம். சிம்பிள்!" என்றார்.

கொண்டு வந்தோம். ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி. எதிரே சோபாவில் டீக் கோப்பையுடன் நாங்கள். வீடியோ காலில் நாத்தனார். காரியம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவோம். பிள்ளை எழுந்து நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் சிலருக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. டிசம்பர் முடிவதற்குள் டயப்பர் போயே போய்விட்டது. அரசு அதிகாரி போட்ட திட்டம் ஒன்று சொன்ன நேரத்தில் முடிந்ததை வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன்.

ஜனவரியில் பள்ளியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பிரின்சிபல் அம்மாள் சால்வை போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். எங்களைச் சோபாவில் அமரச் சொன்னார். எதிரே ஹீட்டர். அதன் பக்கத்தில், குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன மஞ்சள் நாற்காலி.

"இஸ் ஷீ டிரெயின்ட்?"

"ஃபுல்லி, மேடம்," என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்தி.

"ஆவோ பேட்டா, பைட்டோ," என்று பிரின்சிபல் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

பிள்ளை நாற்காலியைப் பார்த்தாள். ஹீட்டரைப் பார்த்தாள். சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தாள். "அச்சா," என்றாள்.

கம்பளிக் காலுடையைக் கீழே இறக்குவது நான் எத்தனையோ நாள் கற்றுக்கொடுத்தும் வராத வேலை; அன்று தானாகவே இறக்கினாள். ஒழுங்காக உட்கார்ந்தாள். காரியத்தை முடித்தாள். அவள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. நாற்காலியில் ஓட்டை வைக்காதது பள்ளியின் குறை.

"லெட் அஸ் ஸீ நெக்ஸ்ட் இயர்," என்றார் பிரின்சிபல், ஆங்கிலத்தில், காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டு. பள்ளியும் போயிற்று, நான் வேலைக்குத் திரும்புவதும் போயிற்று. என் கணவர் தரையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

பிள்ளை எழுந்து நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கைதட்டவில்லை. கீழுதடு பிதுங்கத் தொடங்கியது. நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மெல்ல ஒருமுறை தட்டிக் காட்டினாள்.

நான் எழுந்து நின்று, அந்த அறையே அதிரும்படி கைதட்டினேன்.