குடி கேட்காத நிரல்

எங்கள் ஆலயத்துப் பூசைப் பதிவுக்குக் கணினி நிரல் எழுத வந்த பெண் அவர். பெயரை நான் கேட்டதில்லை. மெலிந்த உருவம்; நெற்றியில் கலையாத திருநீறு. யார் பேசினாலும் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்துவிட்டே கேட்பார்.

எங்கள் ஊரில் தாய்வழிக் குடிகளுக்கு வரிசை உண்டு. பூசை முடிவில் மரியாதையாகத் தரும் காளாஞ்சித் தட்டும் அவ்வரிசையிலேயே வழங்கப்படும்.

"குடிக்குக் குடி வேற வேறயா எழுது புள்ள. எங்கட குடி முதல்ல வரட்டும்" என்றார் ஆலய நிர்வாகியான வண்ணக்கர்.

அந்தப் பெண் கைகளை எடுத்தார். "பழைய கணினி மொழிகளில அப்பிடித்தான் ஐயா, வகைக்கு ஒண்டு எழுதணும். இதில ஒருக்கா எழுதினாக் காணும், எந்தக் குடி வந்தாலும் ஏற்கும். ஆர் முதல்ல வந்தாங்க எண்டு பாக்க ஒரு சின்ன நிரல் துண்டு, அதுக்குப் பேர்கூட இல்ல."

"சொன்னதைச் செய். இல்லாட்டி வேற ஆளைப் பாக்கிறம்."

"பாருங்க ஐயா. நான் எழுதினதில குடி கேக்கிற இடம் இல்ல."

சந்நிதியை வணங்கிவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். அடியார் அனைவரும் ஒன்றென்று காலமெல்லாம் பதிகம் பாடிய என் வாய் அன்று திறக்கவில்லை.

இவ்வாண்டுத் திருவிழாவில் முதற் காளாஞ்சி வழக்கம்போல், எங்கள் குடியின் மூத்தவனான என் முன் நீண்டது. நான் தட்டிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டேன்.

"என்ன அண்ணன்?" என்றார் வண்ணக்கர்.

"முதல்ல வந்தவங்களுக்குக் குடுங்க."