உருண்டை டீச்சரின் பதினோரு தவறுகள்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் பூகோள ஆசிரியையை எல்லோரும் உருண்டை டீச்சர் என்றார்கள். ஆள் என்னவோ குச்சிதான். உலக உருண்டையைக் கைக்குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தவறுகூடக் கற்பித்ததில்லை என்பது அவள் பெருமை. யாரும் பெரிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அந்தப் பெருமையில் ஒரு சிறு பொத்தல். முப்பத்தெட்டுப் பேரில் வீட்டுப்பாடம் எழுதி வருவது ஆறு பேர். அந்த ஆறும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதியவை.

இணையத்தில் ஆசிரியர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. நாலாயிரம் பேர். அவளும் சேர்ந்து, "கடல் தினம் இரண்டு முறை ஏறி இறங்குவதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?" என்று பணிவாகக் கேட்டாள். எட்டு நாளில் மூன்று கட்டைவிரல், இரண்டு கும்பிடு, ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். அவ்வளவுதான் விளைச்சல்.

ஒன்பதாம் நாள், மணி அடிக்கிற அவசரத்தில் மறுபடி தட்டினாள். நிலவின் இழுப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் காற்றின் இழுப்பு என்று விழுந்துவிட்டது. மதியத்துக்குள் நூற்று அறுபத்து மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். படம் போட்டவர்கள், காணொளி அனுப்பியவர்கள், சாப்பாட்டுத் தட்டையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து நிலவைச் சுற்றவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கேட்டபோது கிடைக்காத பாடம் மொத்தமும் வந்து குவிந்தது. கூடவே அவள் எந்தக் கல்லூரியில் படித்தாள் என்ற விசாரணையும்.

பேருந்துப் பணிமனை மெக்கானிக்கான அவள் கணவர் கைக்கரியைத் தேய்த்துக் கழுவியபடியே சிரித்தார்.

"எங்க டிப்போவுலயும் இதே கதைதான்டி. 'இந்தச் சத்தம் எதனால வருது'ன்னு கேட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான். தப்பான நட்டைத் திருகு, நாலு பேர் ஓடி வருவான்."

உருண்டை டீச்சர் அன்றைக்குத்தான் பூகோளத்துக்கு வெளியே ஒரு கண்டத்தைக் கண்டுபிடித்தாள்.

மறுநாளிலிருந்து 'ஒன்பது பி' வகுப்பின் இணையப் பக்கத்தில் மாலை ஐந்து மணிக்கு அவள் பெயரிலேயே ஒரு பொய் வந்தது. வட துருவத்தில் பென்குயின்கள் பனிக்கரடிக்குப் பயந்து கூட்டமாக நிற்கின்றன. சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் நமக்குக் கோடை வருகிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: தப்பு என்று சொல்பவர் அட்லஸ் பக்க எண்ணோடு வர வேண்டும். நூலகத்தில் தூசி தின்றுகொண்டிருந்த அட்லஸுக்கு அடிதடி நடந்து முதுகு கிழிந்தது. டீச்சரைத் திருத்துவதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? 'ஆஜர்' தவிர வேறு சொல் அறியாத கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, மௌனசாமி என்று வகுப்பே கூப்பிடுபவள், அவளும் எழுத ஆரம்பித்தாள்.

பதினோராம் நாளுக்கு மறுநாள் காலை, தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அந்தப் பக்கத்தின் அச்சுப்பிரதி. ஒரு பெற்றோர் கொண்டுவந்து கொடுத்தது.

"என்ன டீச்சர் இது? பதினோரு பதிவு, பதினோரு தப்பு. ஒன்பது பி-யை வரலாற்று சார்கிட்ட கொடுத்துடறேன். நீங்க நூலகத்துல உக்காந்து அந்த அட்லஸை ஒட்டுங்க."

முப்பத்தெட்டுப் பேரும் கை தூக்குகிற வகுப்பு அவளுக்கு ஆயுளில் இதுதான் முதல்.

"எல்லாம் வேணும்னே போட்டது சார். பசங்க கண்டுபிடிக்கணும்னு."

"தெரிஞ்சே போட்டீங்களா? சரி, இதைக் கேளுங்க." அவர் கடைசித் தாளை எடுத்தார். "'உலகிலேயே பெரிய பாலைவனமான சஹாரா தென் அமெரிக்காவில் இருக்கிறது.' ஆப்பிரிக்கான்னு முப்பத்தேழு பேர் திருத்திட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் முன்பாதியும் தப்புங்குது. சரியா இருக்கறதையே தப்புன்னு சொல்ற அளவுக்கு ஏத்திவிட்டிருக்கீங்க!"

உருண்டை டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தாள். நேற்று இரவு மௌனசாமி எழுதியது: 'பாலைவனத்துக்கு மணல் வேண்டாம், மழை இல்லாவிட்டால் போதும். பெரிய பாலைவனம் அண்டார்டிகா. பக்கம் 61.'

அந்த முன்பாதியை அவள் பொறியாக வைக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக மனதார நம்பி வந்தாள். அந்தப் பெண் சொல்வது தப்பு என்று தலையாட்டினால் அவரோடு ஒத்துப்போகலாம். எனக்கே தெரியாது என்றால் வகுப்பு போகும். அவள் எழுந்து போய் முதுகு கிழிந்த அட்லஸைக் கொண்டுவந்து, அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். பிரிக்கிற சாக்கில் தானும் படித்துக்கொண்டாள்.

கணக்கைக் கரைத்துக் குடித்த தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, அடிக்குறிப்பை மூன்று முறை படித்தார்.

"நானும் சஹாரான்னுதான் நெனச்சிட்டிருந்தேன்..."

"அதுக்குத்தான் சார் வெச்சது." டீச்சரின் கண் இமைக்கவில்லை. "பெரியவங்களே விழறாங்களான்னு பாக்கத்தான்."

அவர் அச்சுப்பிரதியை நான்காக மடித்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். "பக்கத்து மேல 'இதில் தவறு உண்டு'ன்னு பெருசா எழுதிப் போடுங்க. வகுப்புக்குப் போங்க. அப்புறம், என்னையும் அதுல சேத்து விடுங்க. மேற்பார்வைக்கு."

அன்று மாலை ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு வந்த முதல் திருத்தம் அவருடையது. அதை ஐந்து மணி நாலு நிமிடத்துக்கு ஒரு பையன் திருத்தினான்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மௌனசாமி மேஜையருகே வந்து நின்றாள். கையில் பழுப்பேறிய ஒரு நோட்டு.

"எங்க அண்ணனோடது டீச்சர். நாலு வருஷத்துக்கு முன்ன உங்க வகுப்புலதான் படிச்சான்."

பிரித்த பக்கத்தில், 'உலகின் மிகப் பெரிய பாலைவனம் சஹாரா.' பக்கத்திலேயே சிவப்பு மையில் கொழுகொழுவென்று ஒரு 'சரி', டீச்சரின் கையெழுத்தோடு.

"இதுவும் பொறியா டீச்சர்?"

உருண்டை டீச்சர் வாசலைப் பார்த்தாள். தலைமையாசிரியர் இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து தன் 'சரி'யைத் தானே அடித்தாள். பக்கத்தில் 'அண்டார்டிகா' என்று எழுதி, அன்றைய தேதி போட்டு, நோட்டை மூடி நீட்டினாள்.

"நீ பேசாமயே இருந்திருக்கலாம்டி."

"நீங்கதானே டீச்சர் பேச வெச்சீங்க."