நீலப் பட்டை

மாமா எங்கள் வீட்டை விட்டுப் போவதற்காக நான் மூன்று மாதம் பாடுபட்டிருக்கிறேன். அதற்குத்தான் பாடுபடுகிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

மண்ணூர்பேட்டையில் அப்பாவுக்கு டூவீலர் ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும், அதுதான் வீடு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே வந்து அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு வண்டியையும் மாமாதான் ட்ரையல் ஓட்டுவார். டேங்கின் மேல் என்னை உட்கார வைத்துக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் விட்டால் கொரட்டூர் ஏரி தெரிகிற இடம் வரைக்கும் போய்த்தான் திரும்புவார். வழியில் சட்டென்று இன்ஜினை அடக்கி, "கேட்டுச்சா மாப்ளே?" என்பார். எனக்கு எதுவும் கேட்டிருக்காது. "டிக் டிக்னு கேட்டுச்சு மாமா" என்பேன். "அதான்! டேப்பெட்டு லூசு" என்று மெச்சிக்கொள்வார். வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்தவன் நான்தான் என்ற நினைப்போடு பள்ளிக்கூடம் போவேன்.

ஷெட்டின் சுவரில் ஒரு பிளைவுட் பலகை. அதில் அப்பாவின் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே உருவத்தைப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார். ஒரு சாமான் குறைந்தால் வெறும் உருவம் மட்டும் சுவரில் நிற்கும். எல்லாவற்றின் நடுவிலும் ஒரு பச்சைப் பட்டை. பக்கத்து ஷெட்காரர்கள் இரவல் வாங்கிப் போனாலும் அந்தப் பச்சையை வைத்து அடையாளம் தெரிந்து திரும்பி வந்துவிடும். மாமா அந்தப் பச்சை ஸ்பேனர்களில்தான் வேலை செய்தார்.

அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவன் ஸ்பேனரைப் பிடித்து வேலை செய்கிறவன் மீசை நரைத்தாலும் 'பையன்'தான். சொந்தமாக ஸ்பேனர் செட்டு வைத்திருப்பவன்தான் மெக்கானிக். மாமாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு நாள் காலேஜ் படிக்கிற ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு, "ஓனர் இல்லியா? பையன் கையில வண்டிய குடுக்க மாட்டேன்பா" என்றான். மாமா சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், வந்துருவாரு" என்றார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், "வா மாப்ளே, கடைக்குப் போலாம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் முதல் ஸ்பேனரை வாங்கினார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆனது.

டூல்ஸ் கடை ஒரு பாயுடையது. உள்ளே நுழைந்தால் கிரீஸ் தடவிய காகித வாசனை. மாமா செட்டாக வாங்க மாட்டார். வாரச் சம்பளத்தில் ஒன்றொன்றாகத்தான் வாங்குவார். சட்டைப் பையில் நட்டுகள் கொண்டுவருவார். ஸ்பேனரில் நட்டைப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு, இப்படியும் அப்படியுமாக ஆட்டிப் பார்ப்பார். அரை மணி நேரம் ஆகும்.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்குறியே தம்பி! எடுத்தா எடு, இல்லாட்டி வை" என்பார் பாய்.

"பொண்ணுன்னா இவ்ளோ நேரம் பாக்க மாட்டேன் பாய். இது உள்ள ஆடிக்கினு கீது. நட்டோட முனைய தின்னுடும்."

"உன் கை ஆடுதுப்பா. டீ சாப்டியா?"

டீ வரும். எனக்கு ஒரு பொரை ரொட்டி. கடைசியில் பாய் உள்ளே போய் இன்னொன்று எடுத்து வருவார். மாமா அதை என் கையில் கொடுத்து, "எப்டிக் கீது?" என்பார். நானும் கண்ணை மூடி ஆட்டிப் பார்த்து, "இது ஓகே மாமா" என்பேன். அதற்குப் பிறகுதான் காசு கொடுப்பார்.

வைப்பதற்கு உறை வேண்டுமே! அம்மா, மாமாவின் பழைய ஜீன்ஸ் ஒன்றைக் கிழித்து, சுருட்டிக் கட்டுகிற மாதிரி ஒரு பை தைத்தாள். அதில் பத்து அறைகள், சின்னதிலிருந்து பெரியது வரை. "நீதான் படிச்சவன், நம்பர் நீ எழுது" என்று பேனாவை என்னிடம் கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் அதுவரை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. நானே இன்னும் தாண்டவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் எழுதினேன்: 6-7, 8-9, 10-11, 12-13 என்று.

அடையாளப் பட்டைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் உரிமையும் எனக்கே கிடைத்தது. நீலம் என்றேன். ஏரி வரைந்து வரைந்து என் கலர் பெட்டியில் முதலில் தீர்ந்துபோகிற நிறம் அது. எனாமல் பெயிண்ட் சின்ன டப்பா ஒன்று வாங்கி, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, வாரம் ஒரு ஸ்பேனருக்கு நீலப் பட்டை போட்டேன்.

அப்பா மூன்றாவது வாரம்தான் பார்த்தார். மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தவர் என் விரலைப் பார்த்துவிட்டு, "யார்துடா நீலம்?" என்றார்.

"மாமாவோடதுப்பா. நம்பள்து பச்சை, மாமாவோடது நீலம்."

அப்பா சோப்புத்தூளைப் போட்டு, கழுவின கையையே திரும்பக் கழுவினார். பிறகு, "மொதல்ல எண்ணெ போக நல்லா தொடச்சிட்டு அடி. காஞ்சதும் ரெண்டாவது கோட்டிங் குடு. இல்லன்னா பெட்ரோல்ல போயிடும்" என்றார். பெயிண்டிங் பற்றித்தான் பேசுகிறார் என்று நான் நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு அம்மா பச்சை ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் மாமாவின் பையையும் விரித்து வைத்தாள். அப்பாவே ஒவ்வொன்றாக எடுத்துக் குங்குமம் வைத்தார். இன்னும் இரண்டு அறைகள் காலியாக இருந்தன. அந்த இரண்டும் சீக்கிரம் நிறைய வேண்டும் சாமி என்று கண்ணை மூடி உருகி வேண்டிக்கொண்டேன். சாமி என் வேண்டுதல்கள் எதையும் அவ்வளவு வேகமாக நிறைவேற்றியதில்லை. தீபாவளி முடிந்த சனிக்கிழமை கடைசி ஸ்பேனர் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பார்த்தால், அம்மா மாமாவின் சட்டைகளை ஒரு கட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா எங்கம்மா போறாரு?"

"வேலப்பன்சாவடியில கடை போடப் போறாருடா. அங்க நெறைய காலேஜ் கீது, வண்டிங்க வரும். பின்னாடி ஒரு ரூமும் கீதாம். போர்டு, பூஜை எல்லாம் தை பொறந்ததும்."

"தினம் வந்துருவாரா?"

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். "உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்! நீதானேடா பெயிண்ட்லாம் அடிச்ச?"

தெரியாதவன் நான் ஒருவன்தான். பாய்க்கும் தெரிந்திருக்கிறது. வேலப்பன்சாவடிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்றாள் அம்மா. எனக்கு அது வெளிநாடு. இனி டேங்கில் யார் உட்காருவது, யாரிடம் டிக் டிக் என்று சொல்வது என்றெல்லாம் அழத் தோன்றவில்லை. மாமா குளிக்கப் போயிருந்தார். ஷெட்டுக்குப் போய்ப் பையை அவிழ்த்தேன். எந்த வண்டிக்கும் கை போகிற நம்பர் எது என்று எனக்குத் தெரியும். பன்னெண்டு-பதிமூணு. அதை உருவி என் புத்தகப் பையில் அடி அட்டைக்குக் கீழே வைத்துவிட்டு, பழையபடி சுருட்டிக் கட்டினேன்.

கணக்கு சுலபமானது. மாமா அங்கே போய்ப் பையைத் திறப்பார். பன்னெண்டு-பதிமூணு இருக்காது. அது இல்லாமல் ஒரு வண்டியும் பார்க்க முடியாது. எனவே சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடுவார்.

நண்பர் ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு மாமா கிளம்பினார். "வாரா வாரம் வரேன் மாப்ளே. ட்ரையல் எல்லாம் நீ பாத்துக்க" என்றார். நான் அழவில்லை. அம்மாவுக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் அம்மா வடகம் பொரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சொல்றா… பன்னெண்டு-பதிமூணா? நல்லா உதறிப் பாரு… இங்க எங்கடா இருக்கும்?" நான் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி படிக்க ஆரம்பித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், என் புத்தகப் பையைப் பார்த்தார். எழுந்து ஷெட்டுக்குள் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"எங்க போறீங்க?" என்று அம்மா கத்தினாள்.

"பாடி வரிக்கும்" என்றது அப்பாவின் குரல்.

பாடி பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பா சோறெல்லாம் ஆறிப்போன பிறகுதான் வந்தார். சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மாமா திரும்பி வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து ஷெட் வாசலில் நிற்பேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்ப்பேன். இதற்கு நடுவில் சுவர்ப் பலகையில் ஒரு உருவம் வெறுமையாக நின்றது. அப்பா பன்னிரண்டாம் நம்பர் நட்டுகளை ஸ்க்ரூ ஸ்பேனரை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். அது நட்டின் முனையை மழுக்கிவிடும் என்று மாமாவை எத்தனையோ முறை திட்டியவர் அவர். அதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான், என் கவனமெல்லாம் ரோட்டில் இருந்தது.

வாரா வாரம் என்று சொன்ன மாமாவுக்கு முதல் மாதம் தலை சொறிய நேரமில்லை. அரைப் பரீட்சை லீவில் அம்மா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். யாருக்கும் தெரியாமல் ஸ்பேனரை அங்கே எங்காவது போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு துணிப்பையில் அதையும் எடுத்துக்கொண்டேன்.

தகர ஷீட் போட்ட சின்ன இடம். வாசலில் நான்கு வண்டிகள். "மெக்கானிக் அண்ணா, என்னுது ரெடியா?" என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணியடித்து அந்த ஜீன்ஸ் பையை விரித்து மாட்டியிருந்தார். என் கையெழுத்தில் நம்பர்கள். நீலம், நீலம், நீலம். நான்காவதாக ஒரு பச்சை. அடுத்து மறுபடி நீலம்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை மாமா பார்த்துவிட்டார்.

"இன்னா மாப்ளே, கலர் மாறிக் கீதேன்னு பாக்குறியா? நம்பள்து எங்கியோ உழுந்துடுச்சி. வந்த அன்னிக்கே உங்கப்பா எடுத்தாந்து குட்த்துட்டாரு. இதுக்கும் நீலம் அடிச்சிடட்டுமான்னு கேட்டேன். வேணாம், அப்டியே இருக்கட்டும்னாரு."

சொல்லிவிட்டு மாமா என் துணிப்பையைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஒரு வண்டியை உதைத்துக் கிளப்பி, "ஏறு" என்றார். டேங்கில் உட்கார எனக்கு இடம் போதவில்லை, பின்னால் உட்கார்ந்தேன். ஹைரோட்டில் கொஞ்ச தூரம் போய் இன்ஜினை அடக்கி, "கேட்டுச்சா?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா" என்றேன். அன்றுதான் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"எனக்கும்தான். வண்டி நல்லா கீது."

போட வேண்டிய அறை நிறைந்திருந்ததால் நீல ஸ்பேனர் என்னோடேயே திரும்பி வந்தது. மறுநாள் அப்பா டீக்குப் போன நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, பலகையில் வெறுமையாக இருந்த அந்த உருவத்தின் மேல் அதை மாட்டினேன். அப்பா வந்தார். ஒரு வண்டியின் முன் குந்தினார். கை பழக்கத்தில் பலகைப் பக்கம் போய் அதை எடுத்தது. நீலப் பட்டையைப் பார்த்தார். கட்டை விரலால் அதை ஒருமுறை தேய்த்தார். பெயிண்ட் வரவில்லை. நட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டினார். கேள்வி ஏதாவது வரும் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டேன் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏ.சி. போட்ட அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்கள் வரைகிறேன். மாமாவிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அவர் தீபாவளி, பொங்கலுக்கு வருகிறார். வந்தவுடன் போன் அடிக்கிறது, கிளம்பிவிடுகிறார். அப்பா மட்டும் அதே ஷெட்டில், அதே பலகைக்குக் கீழே.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா ஸ்பேனர்களைத் துடைத்துப் புதிதாகப் பச்சை அடிப்பார். போன வருடம் நானும் உதவிக்கு உட்கார்ந்தேன். வரிசையில் அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் தனியாக ஒரு நீல டப்பாவைத் திறந்தார். இரண்டாவது கோட்டிங் காய்ந்துகொண்டிருந்தபோது, "பொங்கலுக்கு மாமா வரும்போது இத குடுத்துட்டு நம்பள்த வாங்கிக்கலாம்பா" என்றேன்.

அப்பா அதை எடுத்து ஊதிப் பார்த்து, நான்காவது ஆணியில் மாட்டினார்.

"இன்னாத்துக்கு? அவன்து ஒண்ணாவது இங்க இருக்கட்டும்டா."

பத்து வயதில், அந்த வீட்டில் மாமாவைப் போகவிடாமல் பிடித்து வைக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.