நான்கு மணியின் நிறம்

"உங்க சட்டை விடியக்காலம் அஞ்சே முக்கால்" என்றார் சாயக்காரர், கையெழுத்து வாங்க வந்த கூரியர்காரரிடம், குனிந்த தலை நிமிராமலே. வந்தவர் சட்டையையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். இந்த ஆளிடம் பேச்சு வளர்ப்பானேன் என்று நினைத்திருப்பார். ஆனால் சட்டை என்னவோ அஞ்சே முக்கால்தான். வெளிர்நீலத்தில் துளி மஞ்சள் ஏறிய நிறம்.

அவர் சாயம் தீட்டுவது கைக்கடிகாரங்களுக்கு. அவற்றுக்கு முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. கண்ணாடிக்கு அடியில் ஒரு வட்டத் தகடு நாளுக்கு ஒரு முறை சுற்றும். மேலே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சன்னல். அதில் என்ன நிறம் தெரிகிறதோ அதுதான் மணி. வடிவமைத்தவர் ஓவியம் வரைகிற ஒரு பெண்மணி, எல்லாருக்கும் ஓவியர் அம்மா. வாங்குகிறவர்கள் ஒரு மாதம் திண்டாடுவார்கள், பிறகு பழகிவிடும். இருபது வருஷமாகத் தீட்டுகிற நம் ஆளுக்குப் பழக்கம் முற்றிவிட்டது. கத்தரிக்காய் வாங்கப் போனால், "ராத்திரி எட்டா இருக்கறதா பாத்துப் போடுங்க" என்பார்.

வேலையில் மட்டும் விளையாட்டு கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து மேசைப் பெண் தும்மப் போனால், "வெளிய போய்த் தும்மும்மா, இங்க மூணு மணி ஈரமா இருக்கு" என்று விரட்டுவார்.

ஓவியர் அம்மா எல்லா மணிக்கும் நிறம் குறித்துக் கொடுத்தார், பிற்பகல் நான்கைத் தவிர. அது தனக்குப் பிடிபடவில்லை, நீங்களே பார்த்துப் போடுங்கள் என்றார். இவர் எதையெதையோ குழைத்தார், ஒன்றும் சேரவில்லை. அந்த வாரம்தான் இவருடைய அப்பா போனார், அதே நான்கு மணிக்கு. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகன் அப்பாவின் நகங்களைப் பார்த்தார். ஊதாவும் இல்லாத, சாம்பலும் இல்லாத ஒரு நிறம் நகத்தடியிலிருந்து ஏறி வந்தது. அழ வேண்டிய கண் அளவெடுத்துக்கொண்டது. மறுவாரம் அதையே குழைத்துத் தகட்டில் வைத்தார். எங்கே பிடித்தீர்கள் என்று ஓவியர் அம்மா வியந்து கேட்டதற்கு, ஏதோ தோன்றியது என்று மழுப்பிவிட்டார். அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

அதன்பின் ஒரே புகாரோடு கடிகாரங்கள் திரும்பி வருகின்றன. நாலு மணிக்கு மணிக்கட்டு சில்லிட்டுப் போகிறதாம். சொல்கிறவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மேற்பார்வையாளர் பிரித்துப் பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவார். அன்றைக்கெல்லாம் சாயக்காரர் முகத்தில் ஈயாடாது. நிறத்தை மாற்றிவிடலாம் என்று எத்தனையோ தடவை கிண்ணத்தைக் கழுவியிருக்கிறார். கை மறுபடியும் அதையேதான் குழைக்கிறது.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். இருவருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. அக்காவை விட்டால் அவருக்கு நாதியில்லை. அவளுக்கு இதயம் பலவீனம் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, காலையில் மாத்திரை கொடுக்கும் சாக்கில் அவள் கையைப் பிடித்து, மாதிரித் தகட்டை நகத்தோடு ஒட்டிப் பார்ப்பார். போன மாதம் நல்ல ரோஜா நிறம், காலை ஒன்பது. பிறகு வெளுத்துப் பகல் ஒன்று. போன வாரம் மூன்று. அக்காவுக்கோ வாய் ஓயாது.

"என்னடா, கைரேகை பாக்கறியா? எப்பக் கிளம்பறேன்னு போட்டிருக்கு?"

இன்று காலை தகட்டை வைத்தார். தகடு எங்கே முடிகிறது, நகம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த நிறத்தை அவர் இரண்டாம் முறையாக ஒரு மனித விரலில் பார்த்தார். மருத்துவருக்குப் போன் செய்தார். அரை மணியில் வந்துவிடுகிறேன் என்றார் அவர்.

சாயக்காரருக்கு அந்த அரை மணி இருப்புக் கொள்ளவில்லை. வேலைப் பையிலிருந்து தூரிகையையும் ஒன்பது மணிக் கிண்ணத்தையும் எடுத்துவந்து, அக்காவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடா இது?" என்றாள் அவள், மூச்சு வாங்க.

"ஆட்டாதக்கா. ஈரமா இருக்கு."

இருபது வருஷத்தில் ஓரம் தாண்டாத தூரிகை, சுண்டுவிரலிலேயே நகத்தைத் தாண்டிச் சதையில் இழுத்தது. அதைத் துடைக்காமல் அவர் அடுத்த விரலைப் பிடித்தார்.