மூக்குடைந்த அம்மன்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே மழைக்கு ஒதுங்குகிறேன். நான் ஏறி நிற்பது ஒரு பழம்பொருள் கடை. அலுமாரியின் மேல் ரோமானியத் தலை ஒன்று இருக்கிறது. வெறும் சிமெந்து வார்ப்பு, மூக்கு இல்லை. பக்கத்தில் முழங்கால் உயரக் கருங்கல் மாரியம்மன். அவளுக்கும் மூக்கு இல்லை. உடைந்த இடத்தில் பூசிய தேயிலைச் சாயம் இன்னும் காயவில்லை.

நெற்றி நிறையத் திருநீறோடு கடைக்காரர் கதிரையை இழுத்துப் போடுகிறார்.

“இது எங்கயிருந்து வந்தது?” என்கிறேன்.

“மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கோயில்ங்க. புதுச் சிலை வச்சாங்க, இதக் குடுத்துட்டாங்க.”

“மூக்கு என்னண்டு போச்சுது?”

“அது நாங்க தட்டினதுங்க. முழுசா இருந்தா, வாங்க வர்ற ஹோட்டல்காரங்க பழசுன்னு நம்ப மாட்டேங்கிறாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமான்கள் ரோமாபுரியின் உடைந்த சிலைகளைக் கப்பலேற்றிப் போய் மாளிகைகளில் நிறுத்தினார்கள். எது அழகு என்று உலகத்துக்கே பாடம் எடுத்தார்கள். அந்தச் சீமான்கள்கூட உடைந்த மூக்குகளுக்குப் புது மூக்கு ஒட்டவைத்தார்கள். அவர்களிடம் ரசனை கடன் வாங்கிய நாம் சுத்தியலை எடுத்திருக்கிறோம். கொழுந்து பறித்தவர்கள் கும்பிட்ட முகம் இது. அதன் காயத்தை மறைக்கவும் அவர்கள் பறித்த தேயிலைதான் கிடைத்ததா?

“இதை உங்கட வீட்டுச் சாமியறையில வைப்பீங்களோ?”

அவர் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

“ஐயையோ, என்னங்க நீங்க! பின்னமான சாமிய வீட்டுல வைக்கலாமா?”